ஜாப் ஒர்க் சாம்பியன்

கோயமுத்தூர்க்காரர் யாரையாவது பிடித்து, ‘விளையாட்டில் உங்கள் ஊர் பெரிதாக என்ன செய்திருக்கிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். நரேன் கார்த்திகேயன் என்பார். நியாயம்தான். 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர். அப்புறம் செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே என்பார். கொஞ்சம் நரை விழுந்தவராக இருந்தால் பி.எஸ்.ஜி. கோப்பை பாஸ்கெட்பால் என்று ஆரம்பித்து, எந்த வருஷம் யார் யார் வந்து ஆடினார்கள் என்று அரை மணி நேரம் பேசுவார்.

பேசி முடிக்கட்டும். அப்புறம் மெதுவாகக் கேளுங்கள். ‘2019 மார்ச் 9-ம் தேதி, சனிக்கிழமை சாயங்காலம், உங்கள் ஊர் நேரு ஸ்டேடியத்தில் என்ன நடந்தது?’

பெரும்பாலும் முழிப்பார்.

அன்று அந்த மைதானத்தில் ஒரு டீம் ஐ-லீக் கால்பந்து பட்டத்தை ஜெயித்தது. தேசிய அளவிலான லீக் என்பது இந்தியாவில் 1996-ல் ஆரம்பித்த சமாசாரம். கொல்கத்தா, கோவா, மும்பை, பெங்களூர், பஞ்சாப், மிசோரம் என்று ஊர் ஊராகப் போய்வந்த பட்டம், முதல் தடவையாகத் தமிழ்நாட்டு டீம் ஒன்றின் கைக்கு வந்தது. அதுவும் கோயமுத்தூரில், வ.உ.சி. பூங்காவுக்குக் கூப்பிடு தூரத்தில்.

‘அட, நம்மூரு டீமுங்களா? பேரென்னங்க?’

சென்னை சிட்டி எஃப்.சி.!

இங்கேதான் கதை இடிக்கிறது. அந்த சீசனைப் பற்றி அப்போது எழுதியவர்கள் எல்லோரும், ‘கோவையின் அதிசயம்’, ‘சின்ன டீமின் பெரிய கனவு’ என்கிற ரீதியில் எழுதித் தள்ளினார்கள். அதிசயம், கனவு, தேவதைக் கதை... இந்த மாதிரி வார்த்தைகள் எனக்கு அலர்ஜி. ஒருத்தன் மெனக்கெட்டுச் செய்த வேலையை அதிசயம் என்று சொன்னால் அவன் உழைப்பை நாம் பார்க்கவில்லை என்று அர்த்தம். அதைவிட மோசம், அடுத்த வருஷம் அது காணாமல் போகும்போது, ‘அதிசயம்தானே, அப்படித்தான் இருக்கும்’ என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடலாம். நாம் போனோம்.

முதலில் ஆட்டம். அதைச் சொல்லாமல் கணக்கு பேசினால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்.

2018-19 சீசனின் கடைசி நாள். பாயின்ட்ஸ் டேபிளில் சென்னை சிட்டி 40, ஈஸ்ட் பெங்கால் 39. முந்தைய ஆட்டத்திலேயே பட்டத்தை முடித்திருக்கலாம். சர்ச்சில் பிரதர்ஸிடம் 3-2 என்று தோற்று, சஸ்பென்ஸைத் தாங்களாகவே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார்கள். இங்கே எதிரில் நின்றது முந்தைய வருஷ சாம்பியன் மினர்வா பஞ்சாப். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலம் கேரளாவும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. இரண்டு ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு ஆட்டம்.

மூன்றாவது நிமிடம். ஜனங்கள் சீட்டைத் துடைத்து உட்கார்வதற்குள் மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் போட்டுவிட்டார். முதல் பாதி முழுக்க 0-1. கையில் இருக்கும் பட்டம் வழுக்கிக்கொண்டு போவதை நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாதியில் ஒரு பெனால்டி. பெட்ரோ மான்ஸி அடித்தார், 1-1. அது போதாது, டிரா என்றால் 41 பாயின்ட்தான். கொஞ்ச நேரத்தில் கௌரவ் போரா இரண்டாவது கோலைப் போட்டார். ஏறக்குறைய அதே சமயம் கோழிக்கோட்டில் கோகுலம் முந்திக்கொள்ள, சரி, முடிந்தது என்று மூச்சு விட்டிருப்பார்கள். விடவில்லை ஈஸ்ட் பெங்கால். கடைசிப் பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டு கோல் அடித்து அங்கே 2-1 ஆக்கிவிட்டது. இப்போது நிலவரம் என்ன? கோவையில் மினர்வா ஒரே ஒரு கோல் போட்டுவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு. தொண்ணூறு நிமிடம் முடிந்து, இன்ஜுரி டைமில், மறுபடியும் கௌரவ் போரா. 3-1.

சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு பாயின்ட்.

இந்த போரா யார் தெரியுமா? ஃபார்வர்டு இல்லை. தடுப்பாட்டக்காரர். அசாம்காரர். சீசன் முழுக்க கோல் அடித்துக் குவித்த ஸ்பானிஷ்காரர்களை விட்டுவிட்டு, கடைசி நாளில் டிஃபண்டர் ஒருவர் மேலே போய் இரண்டு கோல் போட வேண்டியிருந்தது. இதைச் சும்மா சுவாரஸ்யத்துக்காகச் சொல்லவில்லை. அந்த டீமின் பலம், பலவீனம் இரண்டும் இதில் இருக்கிறது. வருகிறேன்.

சென்னை சிட்டி ஐ-லீக்குக்குள் வந்தது 2016-17-ல். முதல் இரண்டு சீசனிலும் எட்டாவது இடம். இரண்டு முறையும் பத்து டீமில் எட்டாவது. அதாவது, ஃபெயிலாகாமல் தப்பித்த மார்க். சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். டீமான சென்னையின் எஃப்.சி. ஜாகை போட்டிருந்தது, 2017-18-ல் இவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோவைக்கு வந்தார்கள். அந்த எட்டாவது இட டீமிலும் ஒரு முத்து இருந்தது. குமரி மாவட்டத்து மீனவக் கிராமத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ். நன்றாக ஆடினார். நன்றாக ஆடினால் என்ன நடக்குமோ அது நடந்தது. 2018-ல் ஜாம்ஷெட்பூர் தூக்கிக்கொண்டு போனது.

பிறகுதான் சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் கோச்சாக வந்தார். ஸ்பெயினின் கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருந்த நான்கு பேரும் வந்தார்கள். உருகுவேயில் பிறந்து ஸ்பெயினில் ஆடிய மான்ஸி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா. நம் ஊரில் இவர்கள் பெயரை ஒருத்தரும் கேள்விப்பட்டதில்லை. ஸ்பெயினிலும் தெருவில் போனால் ஒருத்தரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2018 அக்டோபர் 26, சீசனின் முதல் நாள், இந்தியன் ஆரோஸுக்கு எதிராக 4-1. மான்ஸி ஹாட்ரிக். அப்போதே தெரிந்துவிட்டது, இந்த டீம் வேறு மாதிரி என்று.

என்ன வேறு? நம்மூர் கால்பந்தில் ஒரு பழக்கம் உண்டு. பந்து காலுக்கு வந்ததும் பயம் வந்துவிடும். உடனே ஓங்கி ஒரு உதை, முன்னால் யாராவது ஓடிப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. அக்பர் நவாஸின் பையன்கள் பந்தைத் தரையிலேயே வைத்துக்கொண்டார்கள். சின்னச் சின்ன பாஸ். பின்னாலிருந்து பொறுமையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள், எதிராளி கடுப்பாகி ஓடிவருவான், அவன் விட்டுவந்த இடத்தில் நெஸ்டர் நிற்பார். ஸ்பானிஷ்காரர்கள் இப்படி ஆடுவதில் ஆச்சரியமில்லை. எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் என்று நம் பையன்களும் அதே சுருதியில் ஆடினார்கள் என்பதுதான் விஷயம். ஆறேழு மாதப் பயிற்சியில் உதைக்கிற காலைத் தடவுகிற காலாக மாற்றியிருந்தார் கோச். அதை நான் அதிசயம் என்று சொல்ல மாட்டேன். வாத்தியார் வேலை என்று சொல்வேன்.

கொல்கத்தாவுக்கே போய் ஈஸ்ட் பெங்காலை 2-1, பிறகு கோவையில் வைத்தும் 2-1. பட்டம் ஒரு பாயின்ட்டில் வந்தது என்றால், அந்த ஒரு பாயின்ட் சம்பாதிக்கப்பட்டது இங்கேதான்.

இப்போது குறை. 20 ஆட்டத்தில் 48 கோல் போட்ட டீம், 28 கோல் வாங்கியது. இரண்டாவது வந்த ஈஸ்ட் பெங்கால் வாங்கியது 20-தான். மேலே வீடு கட்டிக்கொண்டே போனார்கள், கீழே தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. 48-ல் மான்ஸி ஒருவர் மட்டும் 21. கிட்டத்தட்ட 44 சதவீதம்! நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் டெபிட், கிரெடிட்டாகத்தான் தெரியும். மொத்த ஆர்டரில் 44 சதவீதம் ஒரே பார்ட்டியிடமிருந்து வருகிற கம்பெனிக்கு பேங்க் மேனேஜர் கடன் கொடுக்க யோசிப்பார். அந்தப் பார்ட்டி ஒரு நாள் போனை எடுக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பார். 2020 ஜனவரியில், சீசன் நடுவிலேயே, மான்ஸி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டா டீமுக்குப் போய்விட்டார்.

கணபதியில் ஃபவுண்டரி வைத்திருக்கும் என் சிநேகிதரிடம் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பம்ப்செட்டுக்கு காஸ்டிங் செய்து கொடுப்பவர். கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதிலென்னங்க புதுசு? ஜாப் ஒர்க்குங்க இது” என்றார்.

விளக்கச் சொன்னேன்.

“எடம் நம்முளுது, கரண்டு நம்முளுது, வேர்வை நம்முளுது. மாலு நல்லா வந்தா அவங்க பேரைப் போட்டு வித்துக்குவாங்க. நமக்குக் கூலி வந்துருமுங்க. ஆர்டரு நின்னா, ஏனுங்க நின்னுச்சுன்னு கேக்கறதுக்கு நமக்குப் பாத்தியதை இல்லீங்க.”

இதைவிடத் துல்லியமாக அந்த சீசனை யாரும் விமர்சித்து நான் படித்ததில்லை. கொங்கு நாட்டுக்கே இது பழகிய தொழில்தானே? திருப்பூரில் தைக்கிற பனியனின் காலரில் ஐரோப்பியக் கம்பெனியின் லேபிள். அதில் திருப்பூருக்கு வருத்தம் எதுவும் கிடையாது. காசு வந்தால் சரி. கூலிக்கு உருக்கிக் கொடுப்பதில், கடைந்து கொடுப்பதில், தைத்துக் கொடுப்பதில் மானக்குறைவு எதுவும் இல்லை என்பதுதான் இந்த மண்ணின் பெருமையே. ஆனால் அதே கொங்கு நாட்டுக்காரர்கள், கூலிக்குச் செய்து செய்து கை தேர்ந்ததும், சொந்தப் பெயரில் பம்ப் விற்றார்கள், கிரைண்டர் விற்றார்கள். கோயமுத்தூர் வெட் கிரைண்டர் என்று புவிசார் குறியீடே வாங்கினார்கள். கால்பந்தில் அந்த இரண்டாவது கட்டம் வரவே இல்லை.

‘பெயரில் என்ன சார் இருக்கிறது?’ என்று கேட்பீர்கள். பெயரில் குட்வில் இருக்கிறது. அக்கவுன்டன்ஸியில் ஒரு வேடிக்கையான விதி. காசு கொடுத்து வாங்கிய குட்வில்லை மட்டும்தான் பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டலாம். நீங்களே நாயாக உழைத்துச் சம்பாதித்த நல்ல பெயரை ஒரு ரூபாய்க்குக்கூட எழுத முடியாது. அது ஜனங்களின் மனசில்தான் இருக்க வேண்டும். மனசில் தங்குவதற்கு ஒரு பெயர் வேண்டாமா? கேலரியில் உட்கார்ந்திருந்த கோயமுத்தூர்ப் பையன் ‘சென்னை! சென்னை!’ என்று கத்தினால் தொண்டையிலிருந்து வருமே தவிர, அடிவயிற்றிலிருந்து வராது.

இங்கிலாந்தில் இதற்கு நேர் எதிரான கதை ஒன்று நடந்தது. விம்பிள்டன் என்கிற கால்பந்து டீமை, சொந்தக்காரர்கள் லண்டனிலிருந்து மில்டன் கீன்ஸ் என்கிற ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடிவு செய்தார்கள். 2002-ல் அனுமதி கிடைத்ததும் ரசிகர்கள் என்ன செய்தார்கள்? நீ போ, பெயர் எங்களுடையது என்று ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று புதிதாக ஒரு டீமைத் தாங்களே ஆரம்பித்து, அடிமட்ட லீக்கிலிருந்து ஆடினார்கள். ஆடி ஆடி 2011-ல் தொழில்முறை லீக்குக்கே திரும்பினார்கள். சென்னை சிட்டி சென்னையை விட்டுக் கிளம்பியபோது சென்னையில் யாரும் அழவில்லை. கோவையை விட்டுக் காணாமல் போனபோது கோவையிலும் யாரும் அழவில்லை. இரண்டு ஊர் இருந்தும் ஒரு ஊரும் இல்லாத டீம்.

கோவைக்காரர்களை மட்டும் குறை சொல்வது அநியாயம். அன்று நடந்ததைப் பாருங்கள். பட்டம் ஜெயித்தது மார்ச் 9. மறுநாள், மார்ச் 10, பாராளுமன்றத் தேர்தல் தேதியை அறிவித்தது தேர்தல் கமிஷன். அதே வாரம் பொள்ளாச்சி பாலியல் கொடூரம் வெளியில் வெடித்து, மொத்தக் கொங்கு நாடும் கொதித்துப் போயிருந்தது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வீட்டில் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை. அந்த நேரத்தில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு யார் ஊர்வலம் போவார்கள்? போயிருந்தால்தான் தப்பு. இரண்டு வாரத்தில் ஐ.பி.எல். வேறு ஆரம்பித்துவிட்டது.

டி.வி.யின் பங்கும் உண்டு. அந்த சீசன் நடுவிலேயே, ஐ-லீக்கின் எல்லா ஆட்டத்தையும் காட்டுவதை ஒளிபரப்பாளர்கள் நிறுத்திக்கொண்டார்கள். ‘பொறுக்கி எடுத்த சில ஆட்டம் மட்டும் காட்டுவோம்’ என்றார்கள். டெலிவிஷனில் வராத ஆட்டம் நடந்த ஆட்டமே இல்லை என்கிற காலத்தில், ஒரு டீம் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த கால்பந்தை ஆடிக்கொண்டிருந்தது. கல்யாண மண்டபத்தில் கரண்ட் போன நேரத்தில் தாலி கட்டிய மாதிரி!

ஐ.எஸ்.எல். பெரிசா, ஐ-லீக் பெரிசா என்ற பஞ்சாயத்து அப்போது உச்சத்தில் இருந்தது. ஐ-லீக் சாம்பியன் என்றால் இரண்டாம் தரம் என்று சொல்கிறவர்களுக்காக ஒரு தகவல். 2019 ஏப்ரலில், புவனேஸ்வரில், சூப்பர் கோப்பை. அந்த வருஷ ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூர் எஃப்.சி.யும் ஐ-லீக் சாம்பியன் சென்னை சிட்டியும் காலிறுதியில் மோதின. சென்னை சிட்டி 2-1. அரையிறுதியில் கோவாவிடம் 3-0 என்று உதை வாங்கினார்கள், மறைக்கவில்லை. இருந்தாலும் அந்த ஒரு ஆட்டத்தை யாரும் அழிக்க முடியாது.

அப்புறம் எல்லாம் சரசரவென்று நடந்தது. சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 2019-ல் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியது. காமர்ஸ் படித்தவர்கள் இந்த நம்பரைப் பார்த்ததும் சிரிப்பார்கள். கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற 75 சதவீத ஓட்டு வேண்டும். 26 கையில் இருந்தால் நீங்கள் கம்பெனியை நடத்த முடியாது. ஆனால் உங்களைக் கேட்காமல் பெரிய முடிவு எதையும் எடுக்க முடியாது. பாசலுக்குக்கூட ஒரு தடுப்பு ஓட்டு இருந்தது. கோயமுத்தூருக்கு?

எட்வின் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். நெஸ்டர் ஹைதராபாத்துக்கு. மான்ஸி ஜப்பானுக்கு. நல்ல சம்பளம் வந்தால் போகத்தான் வேண்டும். ஆட்டக்காரனின் கால்களுக்கு ஆயுசு பத்துப் பன்னிரண்டு வருஷம்தான். போனவர்கள் இடத்தில் அடுத்த ஆள் வந்து நிற்க ஒரு வரிசை இருக்க வேண்டும். இல்லை.

2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீகின் ஆரம்பச் சுற்று. சென்னை சிட்டிக்கும் பஹ்ரைனின் அல் ரிஃபா டீமுக்கும் ஆட்டம். பட்டம் ஜெயித்ததற்குப் பரிசாகக் கிடைத்த ஆட்டம். நம் டீமுக்கு அது சொந்த மைதான ஆட்டம். எங்கே நடந்தது? கோவையில் இல்லை, சென்னையிலும் இல்லை. அகமதாபாத்தில்! 1-0 என்று தோற்றார்கள். 2020-21 ஐ-லீக் முழுவதும் கொரோனாவால் வங்காளத்திலேயே நடந்தது. சென்னை சிட்டி கீழ்வரிசையில் முடித்தது. 2021-22 ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. சாம்பியனாகி மூன்று வருஷம் முழுசாக ஆகவில்லை.

‘வெளிநாட்டுக்காரனைக் காசு கொடுத்துக் கொண்டுவந்து ஜெயித்தால் இப்படித்தான்’ என்று ஒரு கோஷ்டி சொல்கிறது. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. மான்ஸி வராமல் இருந்திருந்தால் நாம் பழைய எட்டாவது இடத்திலேயே சௌக்கியமாக இருந்திருப்போம். மண்ணின் மைந்தர்கள் பதினோரு பேர் ஆடினால்தான் அது நம்ம டீம் என்பதும் சும்மா. மோகன் பகானில், ஈஸ்ட் பெங்காலில் நைஜீரியாக்காரர், பிரேசில்காரர் என்று எத்தனை பேர் ஆடியிருக்கிறார்கள்! வங்காளிகள் அவர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். டீம் நிலையாக இருந்தால் வருகிறவனும் சொந்தக்காரன் ஆகிவிடுவான். டீமே வாடகைக்கு இருந்தால் உள்ளூர்க்காரனும் விருந்தாளிதான்.

சென்னை சிட்டிக்கு இரண்டு வருஷம் முன்னால், 2017-ல், ஐஸ்வால் எஃப்.சி. இதே பட்டத்தை ஜெயித்தது. அவர்களும் சின்ன டீம்தான், அவர்களையும் ‘தேவதைக் கதை’ என்றுதான் எழுதினார்கள். பட்டத்துக்குப் பிறகு அவர்களுடைய நல்ல ஆட்டக்காரர்களும் கிளம்பிப் போனார்கள். ஆனாலும் 2024-25 சீசன் வரை ஐஸ்வால் ஐ-லீக்கில் இருந்தது. ஏன்? மிசோரமில் சொந்தமாக ஒரு லீக் நடக்கிறது. ஊர்ப் பெயர் டீமின் பெயர். ஒருத்தன் போனால் அடுத்தவன் தெருவிலிருந்தே வருவான்.

தமிழ்நாட்டிலேயே பாருங்கள். அதே 2019-ல், மே மாதம், லூதியானாவில் சேது எஃப்.சி. மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீகின் சாம்பியன் ஆனது. கல்லூரி ஒன்றின் நிழலில் வளர்ந்த தென்மாவட்டத்து டீம். ஒரே வருஷத்தில் ஆண்கள் பட்டம், பெண்கள் பட்டம் இரண்டும் தமிழ்நாட்டில்! இதையும் நாம் கண்டுகொள்ளவில்லை என்பது வேறு கதை. ஆண்கள் டீம் காணாமல் போன பிறகும் சேது ஆடிக்கொண்டிருந்தது.

கல்லூரி என்றதும் கோவைக்கு வருகிறேன். பாஸ்கெட்பாலுக்கு பி.எஸ்.ஜி. கோப்பை இருக்கிறது, நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை இருக்கிறது. ஆட்டக்காரர்கள் மாறுவார்கள், ஜெயிக்கும் டீம்கள் மாறும். கோப்பை ஊரிலேயே இருக்கும். எந்தப் பள்ளிக்கூடத்துப் பையனும் டிக்கெட் எடுக்காமலேயே ஒரு கனவைக் கடன் வாங்கிக்கொண்டு போகலாம். கால்பந்து ஆடுகிற கல்லூரிப் பையனின் நிலைமை என்ன? விளையாட்டு ஒதுக்கீட்டில் சேருவான். ஃபீஸில் சலுகை, ஹாஸ்டலில் சாப்பாடு, காலையில் பயிற்சி, கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் சர்டிஃபிகேட். மூன்று வருஷம் ராஜா மாதிரி. பிறகு? சென்னை லீகில் இந்தியன் பேங்க், ஐ.சி.எஃப்., கஸ்டம்ஸ் என்று உத்தியோகத்தோடு ஆடுகிற டீம்களின் கதவைத் தட்ட வேண்டும். ஆயிரம் பேர் தட்டினால் பத்துப் பேருக்குத் திறக்கும். மற்றவர்கள் பூட்ஸைக் கழற்றிவிட்டு மில்லுக்கோ, ஷோரூமுக்கோ, அப்பாவின் கடைக்கோ போவார்கள். பொள்ளாச்சி ரோட்டிலும் அவினாசி ரோட்டிலும் காலேஜுக்குக் குறைச்சலா? ஒவ்வொரு கேம்பஸிலும் இப்படிப் பத்துப் பையன்கள்.

2017-லிருந்து அந்தப் பையன்களுக்கு ஒரு வசதி கிடைத்தது. சாயங்காலம் டவுன் பஸ் ஏறி நேரு ஸ்டேடியத்துக்குப் போனால், தேசிய லீகில் சம்பளத்துக்கு ஆடும் தமிழ்ப் பையன்களைக் கண்ணால் பார்க்கலாம். அவன் பந்தை எப்படி வாங்குகிறான், வாங்குவதற்கு முன்னால் தலையைத் திருப்பி எத்தனை தடவை பார்க்கிறான் என்று கேலரியில் உட்கார்ந்து பாடம் படிக்கலாம். 2018-19-ல் அந்தப் பாடத்தின் தரம், நாட்டிலேயே முதல் தரம். ஒரு பையனுக்காவது, ‘நம்மாலயும் முடியும் போலிருக்கே’ என்று தோன்றியிருக்காதா? சென்னை சிட்டி போனதில் நஷ்டம் அந்தப் பையனுக்குத்தான். முதலாளிக்கு வந்த நஷ்டம் அவர் கணக்குப் புத்தகத்தில் இருக்கும். இவனுடையதை எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

சிநேகிதரிடம் இதையும் சொன்னேன். “ஏனுங்க, டீமுக்குக் கோயமுத்தூருன்னு பேரு வெச்சிருந்தா நின்னிருக்குமுங்களா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. பெயர்ப் பலகையை மாற்றினால் மட்டும் போதாதுதான். உள்ளூரில் மூன்று மில்காரர், நான்கு கல்லூரி, இரண்டு பம்ப் கம்பெனி சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பங்கு எடுத்திருந்தால், மான்ஸி போன அன்று கேள்வி கேட்க நாலு பேர் இருந்திருப்பார்கள். அண்டர்-17, அண்டர்-19 என்று கல்லூரி மைதானங்களில் பையன்களைத் தயார் செய்திருக்கலாம். இங்கே பணத்துக்கும் பஞ்சமில்லை, மைதானத்துக்கும் பஞ்சமில்லை. ‘நம்மளுது’ என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தோன்றுகிற மாதிரி டீமும் நடந்துகொள்ளவில்லை.

“அது வாஸ்தவமுங்க” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “அந்தக் கடைசி மேட்ச்சைப் பாக்கறதுக்கு எங்காச்சும் கெடைக்குங்களா?” என்றார்.

கிடைக்கும். யூடியூபில் ஹைலைட்ஸ் இருக்கிறது. ஆனால் தேடும்போது கோயமுத்தூர் என்று போடாதீர்கள் என்றேன். சென்னை என்று போட வேண்டும்.